ஊற்றுக்கும் நல்லிக்கும் நடுவே

மைசூர் ரோட்டில் அந்தப் பாலம் நெருங்கும்போதே பஸ்ஸில் இருப்பவர்கள் கைக்குட்டையையும் முந்தானையையும் தேட ஆரம்பிப்பார்கள். பாலத்தைத் தாண்டும்வரை ஒருவரும் பேசுவதில்லை. பேசினால் மூச்சு விட வேண்டுமே. நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கீழே எட்டிப் பார்ப்பேன். போன மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, "மோரில அப்படி என்னங்க பாக்கறீங்க?" என்று கேட்டாள். மோரி என்றால் எங்கள் ஊரில் சாக்கடை. எனக்குச் சுருக்கென்று வந்தது. "அது மோரி இல்லை, விருஷபாவதி. சின்ன வயசுல நான் குடிச்சு வளர்ந்த தண்ணி" என்றேன். அவள் மூக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். நான் சொன்னது முழு உண்மை இல்லை. ஒரு வருஷம் நான் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. வீட்டில் வேறு யாரையும் குடிக்க விடவும் இல்லை. அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். எங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு செல்லுபடியாகவில்லை. நதிமூலம் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சிவன் கோயில் மேட்டுக்குக் கீழே பாறை இடுக்கில் கசிந்து, பள்ளத்தில் இறங்கி, தெற்கே திரும்பி ஓடும். பசவனகுடிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் ஊர் நந்தியின் காலடியில் புறப்படுவதுதான் விருஷபாவதி, நம்முடையது அதில் வந்து சேரும் வெறும் ஓடை என்பார்கள். கல்யாணப் பந்தியில்கூட இந்தச் சண்டை நடந்து நான் பார்த்திருக்கிறேன். நான் மல்லேஸ்வரத்துக் கட்சி. அதில் நியாயம் பேச வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

ஆறு என்று நாங்கள் சொன்னால் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். காவிரியைப் பார்த்த கண்கள். என் அத்தை ஒரு தடவை வந்தபோது, "இதுவா உங்க ஆறு? புடவையைத் தூக்கிண்டா தாண்டிடலாமே" என்றாள். சொன்னதோடு நிற்காமல் தூக்கிக்கொண்டு தாண்டவும் செய்தாள். நடுவில் பாசியில் வழுக்கி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தாள். ஊருக்குத் திரும்புகிறவரை அதற்குப் பிறகு ஆறு என்றுதான் சொன்னாள்.

கரையில் தாழம்புதர்களும் புங்கமரங்களும் இருந்தன. புங்கம் பூக்கும் நாட்களில் தண்ணீரின் மேல் வெளிர் ஊதாவில் ஒரு ஜமக்காளம் நகரும். மீன்கொத்தி ஒன்று ஒரே கிளையில் உட்கார்ந்து, எங்களையும் மீனையும் ஒரே மாதிரி முறைக்கும். நண்டு வளைகளில் குச்சியை விட்டு நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் முழுக்கச் செம்மண் குழம்பாகச் சீறிவிட்டு, மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோலக் கணுக்காலளவு ஓடிக்கொண்டிருக்கும். அந்த மணலில் மைக்காத் துணுக்குகள் நிறைய. வெயில் படும்போது பொடிப்பொடியாக மின்னும். தங்கம் என்று நம்பி ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தேன்.

அந்த ஆற்றில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே எங்களைப் போன்ற வீட்டுப் பெண்கள் குடிதண்ணீருக்கு ஊற்றுத் தோண்டும் மணல். அதற்குக் கீழே குளிக்கும் இடம். அதற்கும் கீழே மாடுகள். பிறகு சலவைக்காரர்களின் கற்கள். பிறகு கரும்பும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும். இன்னும் கீழே போனால் செங்கல் சூளைகள், அப்புறம் பஞ்சாலைகள். யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. மேலே இருந்தவர்கள் போட்ட சட்டம் அது என்று இப்போது புரிகிறது. எங்கள் காலுக்குக் கீழே போகும் தண்ணீர் யார் வாய்க்குப் போகிறது என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்களுக்கும் மேலே ஒருவர் வரலாம் என்று நினைத்ததும் இல்லை.

ஊற்றுத் தோண்டுவதற்கு ஒரு கொட்டாங்கச்சி போதும். ஓடும் தண்ணீரைவிட்டு நாலடி தள்ளி, மணலை முழங்கை ஆழம் பறித்தால் குழம்பலாகத் தண்ணீர் கூடும். மூன்று முறை அதை வாரி இறைத்துவிட்டுப் பொறுமையாக உட்கார வேண்டும். நாலாவது முறை ஊறுவதுதான் தண்ணீர். அதைக் கொட்டாங்கச்சியால் அள்ளி, வாயில் துணி கட்டிய குடத்தில் ஊற்றுவோம். பள்ளத்திலிருந்து குடத்தோடு மேடேறுவது அம்மாவுக்கு முடியாமல் போயிற்று, முழங்கால் வீங்கிவிட்டது. எனக்குப் பதினொன்றில் கல்யாணம் ஆகியிருந்தது. பெரியவளானால்தான் புக்ககம். அதுவரை எனக்குத் தீட்டு என்கிற தொல்லை இல்லாததால், குளித்து ஈரப்புடவையோடு போய் மடியாகத் தண்ணீர் கொண்டு வருவது என் வேலையாயிற்று.

வீட்டில் கிணறு இருந்தது. ஆனால் பாறைக் கிணறு, உப்பு. அதில் பருப்பு வேகாது. வீட்டில் நல்லியும் இருந்தது. குழாயை எங்கள் ஊரில் நல்லி என்போம். எங்கள் தெருவில் முதல் நல்லி எங்கள் வீட்டில்தான் வந்தது, ஏனென்றால் அப்பா தண்ணீர் இலாகாவில் ஓவர்சியர். பிளேக் வருஷத்தில், நெரிசலான பழைய ஊரான பேட்டையைவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடிவந்த குடும்பம் எங்களுடையது. அதனாலோ என்னவோ, சுத்தமான தண்ணீர் என்றால் அப்பாவுக்கு ஒரு பக்தி. தொலைவிலுள்ள ஏரியிலிருந்து தண்ணீர் மிஷினில் ஏறி, மணலில் வடிந்து, பூமிக்கடியில் நடந்து வந்து நம் கொல்லையில் கொட்டுகிறது என்பதை அவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். சொல்லும்போது நல்லியைத் திறந்து காட்டுவார். குழந்தையைப் பாடச் சொல்வதுபோல இருக்கும்.

முதல் ஆறு மாதம் அம்மாவும் அந்தத் தண்ணீரில்தான் சமைத்தாள். பிறகு ஒரு நாள் நல்லி ஒழுகியது. அப்பா ஆஃபீஸில் இருந்தார். ரிப்பேர் பார்க்க வந்த மிஸ்திரி நல்லியின் தலையைக் கழற்றி, உள்ளேயிருந்து வட்டமாக, கறுப்பாக, ஊறிப்போன ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இதாம்மா போய்டுச்சு. சம்டா."

"சம்டான்னா?" என்றாள் அம்மா.

"தோலும்மா. அசல் மாட்டுத்தோல். புதுசு போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல."

அந்த மனிதர் சரக்கின் உயர்வைச் சொன்னார், பாவம். அம்மா அப்படியே கொல்லைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா சாயங்காலம் வரும்போது வீட்டிலிருந்த அத்தனை பாத்திரமும் கவிழ்ந்து கிடந்தது. அம்மா தலைக்குக் குளித்திருந்தாள். சமையலறை கழுவிவிட்டிருந்தது.

"ஆறு மாசம் மாட்டுத்தோல் தண்ணியில சுவாமிக்கு நைவேத்யம் பண்ண வெச்சுட்டேளே" என்றாள்.

"ஒரு துண்டுடீ அது, அரையணா அகலம். வேற ஏதாவது வெச்சுத் தரச் சொல்றேன்."

"இந்த நல்லியில மாத்துவேள். பூமிக்கடியில வர்ற வழியெல்லாம் எத்தனை தோலோ? உங்க தண்ணி குளிக்க ஆகும், செடிக்கு ஆகும். என் அடுப்புக்கு ஆகாது."

ஊருக்கெல்லாம் நல்லி போட்டவர் வீட்டில் மறுபடி ஆற்றுத் தண்ணீர். அப்பா ஆஃபீஸில் இதைச் சொல்லவில்லை. ஆனால் நான் ஈரப்புடவையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் போவதை ஆஃபீஸே பார்த்தது.

எனக்கு அதில் வருத்தமே இல்லை. காலை வெயிலில் ஆற்றுக்குப் போவது சுகம். ஊற்று ஊறுகிறவரை சும்மா உட்கார்ந்திருப்பதற்கு வீட்டில் கிடைக்காத அனுமதி அங்கே கிடைத்தது. அந்த மாதிரிச் சும்மா உட்காருவது பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை. வரிசையாகப் பிள்ளைகள் பெற்றவளுக்கு எங்கே வாய்க்கும்?

இதற்குள் எங்களுக்கும் மேலே தெருக்கள் வந்துவிட்டன. வண்டி வண்டியாக ஆற்று மணலை அள்ளிக்கொண்டு போய்ப் புதுப்புது வீடுகள் கட்டினார்கள். எல்லா வீட்டிலும் நல்லி. ஐந்தாறு குடத்தில் ஒரு நாளை ஓட்டிய குடும்பங்கள் நல்லியைத் திறந்துவிட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசின. வந்த தண்ணீர் எங்கேயாவது போக வேண்டுமே. அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டிப் பள்ளத்தில் விட்டார்கள். ஒரு நாள் காலையில் என் ஊற்றுக்குப் பக்கத்தில் சோப்பு நுரை ஒதுங்கியிருந்தது. அதில் தலைமயிர்ச் சுருள் ஒன்றும் கத்தரிக்காய்க் காம்பும் மிதந்தன. நான் இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டினேன். தண்ணீர் தெளிவாகத்தான் ஊறியது. வாசனைதான் சரியாக இல்லை.

சலவைக்கல்லுக்குத் துணிமூட்டையோடு போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் நின்றாள். எங்கள் வீட்டுத் துணியையும் அவள்தான் வெளுத்தாள்.

"இன்னா பாப்பா, இத்தயா மொண்டுகினு போறே? மேல மோரி உட்டுட்டாங்களே, தெரியாதா? கொழந்தைங்களுக்கு வவுத்தால போவுது. நாங்களே இத்தக் குடிக்கறது நிறுத்திப் பத்து நாளாச்சு."

குடத்தைக் கவிழ்த்துவிட்டு வெறும் கையோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "தாயைப் பழிச்சாலும் தண்ணியைப் பழிக்காதேம்பா. ஓடற தண்ணிக்கு ஏதுடி தோஷம்? போய்க் கொண்டு வா" என்றாள். அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அந்த வாய்க்கால் தெரிந்திருந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? அம்மாவிடம் வந்து, "அவ சொல்றது வாஸ்தவம்தான், அது இனிமே குடிக்கற தண்ணி இல்லை" என்றார்.

"உங்க நல்லி செல்லுபடியாகணும்னு ஆத்து மேல பழி போடாதேங்கோ" என்றாள் அம்மா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆஃபீஸுக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் என் திருட்டு ஆரம்பித்தது. வழக்கம்போலக் குளித்து ஈரப்புடவையோடு கிளம்பினேன். பள்ளத்தில் இறங்கும் வழியில் வீடு கட்டுகிறவர்களுக்காக ஒரு தெரு நல்லி வைத்திருந்தார்கள். அக்கம்பக்கம் பார்த்துக் குடத்தை அதில் நிரப்பினேன். ஆற்றுத் தண்ணீரை அம்மா வடிகட்டும்போது அடியில் கொஞ்சம் மணல் தங்கும். அது இல்லாவிட்டால் சந்தேகம் வருமே. பக்கத்தில் கட்டடத்துக்குக் குவித்திருந்த மணலில் ஒரு கை எடுத்து அலசிக் குடத்தில் போட்டேன். அதுவும் விருஷபாவதி மணல்தானே, அந்த மட்டும் நான் பொய் சொல்லவில்லை. ஊற்று ஊறுகிற நேரத்தைக் கணக்குப் பண்ணி, புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினேன்.

அன்று மத்தியானம் அம்மா பருப்பை மசித்துக்கொண்டே சொன்னாள்: "பார், எப்படி மலர்ந்து வெந்திருக்கு! ஆத்துத் தண்ணின்னா ஆத்துத் தண்ணிதான். நல்லித் தண்ணியில இது வருமா?"

நான் இன்னும் கொஞ்சம் பருப்பு கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆஃபீஸிலிருந்து சாப்பிட வந்திருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு ஏரியையே குடத்தில் மறைத்தேன். ஒரு வருஷம். தாத்தாவின் திவசத்தன்று நல்லியில் குடத்தை வைக்க மனம் வரவில்லை. பித்ருக்களுக்கு மாட்டுத்தோல் தண்ணீர்! அன்று மட்டும் ஊற்றுக்கே போய்விடலாமா என்று பாதி வழி இறங்கினேன். சோப்பு நாற்றம் மூக்கில் ஏறியது. திரும்பி வந்து நல்லியைத் திறந்தேன். பித்ருக்கள் ஒன்றும் சொல்லவில்லை. பாயசம் நன்றாக இருந்தது என்று சாஸ்திரிகள் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் அண்ணாவுக்குக் கல்யாணமாகி மன்னி வந்தாள். சந்தாபுராவில் ஏரித் தண்ணீரில் வளர்ந்தவள். ஆறு என்றாலே அவளுக்கு ஆசை. என்னைவிட மூன்று வயது பெரியவள். வந்த ஒரு வாரத்தில் என் தலையைப் பின்னிவிடுகிற உரிமையை எடுத்துக்கொண்டாள். எனக்கு அக்கா கிடையாது. மன்னியின் விரல்கள் தலையில் படும்போது எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்காது. அவள் தலைமயிர் பின்னலாகவே முழங்காலைத் தொடும்.

"என்னையும் ஆத்துக்கு அழைச்சிண்டு போயேன்" என்று தினமும் கேட்பாள். எதையாவது சொல்லித் தட்டிக்கழிப்பேன். வழுக்கும் என்பேன், நண்டு கடிக்கும் என்பேன். அப்போதே அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வெள்ளை மனசுக்காரி. அம்மா கேட்டால் அவள் முகமே சொல்லிவிடும் என்று பயந்தேன். அது பாதிக் காரணம். இத்தனை நாள் அம்மாவை ஏமாற்றிய கெட்டிக்காரத்தனத்தை என் ஒருத்தியிடமே வைத்துக்கொள்ளப் பிடித்திருந்தது என்பது மீதி.

பிறகு நான் பெரியவளானேன். என்னைக் கொல்லை அறையில், தனிப் பாயில், தனித் தட்டோடு உட்காரவைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பாட்டும் கேலியும், புட்டும் சுண்டலும். மூன்று நாள் நான் எதையும் தொடக்கூடாது. என் காதில் விழும்படி அம்மா மன்னியிடம் சொன்னாள்: "மூணு நாளைக்கு மடித் தண்ணி நீ கொண்டு வந்துடும்மா. ஆறு நேரே பள்ளத்துலதான். அவ தோண்டற ஊத்து இருக்கும்."

மன்னிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஈரப்புடவையும் குடமுமாகக் கொல்லை வழியாக வந்தவள் என் அறை வாசலில் தள்ளி நின்றாள்.

"என்னமா ஜில்லுனு இருக்கு தெரியுமா! முங்கி முங்கிக் குளிச்சேன். மேடேறணுமேன்னு ரெண்டு கையால அள்ளி வயிறு நிறையக் குடிச்சேன். இத்தனை நாள் என்னைக் கூட்டிண்டு போகாம நீ மட்டும் அனுபவிச்சிருக்கே, கள்ளி!"

என் வாய் திறந்தது. பின்னாலேயே அம்மா நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் பத்துப் பெண்கள். அந்த இடத்தில் சொன்னால் ஒரு வருஷத்துச் சமையலும் பூஜையும் திவசமும் சந்தி சிரித்துப்போகும். அம்மா நொறுங்கிப்போவாள். வாயை மூடிக்கொண்டேன். மூன்று நாள்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் போனாள். அன்று பத்துப் பெண்கள் இல்லை. அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தாள். மன்னி என் எதிரில் நின்று புடவையைப் பிழிந்துகொண்டே பேசினாள். நான் புட்டு நன்றாக இருந்தது என்று சொன்னேன். மூன்றாம் நாளும் போனாள்.

நாலாம் நாள் தலைக்குக் குளித்ததும் முதல் வேலையாகக் குடத்தை நான் பிடுங்கிக்கொண்டேன். மறுபடி தெரு நல்லி, மறுபடி ஒரு கை மணல். பத்து நாள் ஆயிற்று. மன்னி கொண்டுவந்தது மணலில் வடிந்த ஊற்றுத் தண்ணீர் என்பதாலோ என்னவோ, வீட்டில் வேறு யாரும் படுக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று நான் மூச்சு விடும்போது மன்னி தலைவலி என்றாள். சாயங்காலம் உடம்பு கொதித்தது. ஜுரம் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அவளுக்கு எங்களையெல்லாம் அடையாளம் தெரியவில்லை. சந்தாபுராவிலிருக்கும் தன் தங்கையின் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள்.

அண்ணா சந்தாபுராவுக்குச் சொல்லப் போயிருந்தான். அப்பா, வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டுப் பக்கத்திலிருந்து ஒரு கிறிஸ்தவ டாக்டரை ஜட்காவில் அழைத்து வந்தார். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். கூடத்துக்கு வந்து, "டைபாய்டு. இருபத்தோரு நாள் போகணும். இப்ப எதுவும் சொல்றதுக்கில்ல" என்றார். பிறகு, "வீட்ல எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஆத்துத் தண்ணி" என்றாள் அம்மா.

டாக்டர் முகம் சுளித்தார். "அந்த ஆத்துல மோரி விட்டிருக்காங்களே. அதான் காரணம்."

"எப்படி அதுவாகும்? மோரி விட்டு ஒரு வருஷமாச்சு. ஒரு வருஷமா இந்த வீட்ல அதே தண்ணிதான். ஒருத்தருக்கு ஒரு நாள் தலைவலி உண்டா? கேளுங்கோ இவரை."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். டாக்டர் யோசித்தார். "ஒரு வருஷமா எல்லாரும் குடிச்சும் ஒண்ணும் ஆகலேன்னா..." என்று இழுத்தார். "வேற எந்தத் தண்ணியாவது குடிச்சாங்களா?"

"நல்லி!" என்றாள் அம்மா. "கொல்லையில செடிக்கு விடற நல்லி. தாகத்துக்கு அதுல வாயை வெச்சிருப்பா. எனக்கு அப்பவே தெரியும், அந்தத் தோல் தண்ணி ஒரு உசிரைக் கேக்கும்னு. ஏண்ணா, நாளைக்கே அந்த நல்லியைப் பிடுங்கி எறியச் சொல்லுங்கோ. ஏய், நீ போய் ஆத்துலேர்ந்து புதுசா ஒரு குடம் கொண்டு வா. அவளுக்கு ரெண்டு வாய் தீர்த்தமா விடறேன். சுவாமி காலடியில புறப்படற தண்ணி, அதான் அவளைக் காப்பாத்தும்."

நான் அம்மாவைக் கவனிக்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். தான் கொண்டுவந்த தண்ணீர், விருந்தாளிக்கெல்லாம் திறந்து காட்டிய தண்ணீர், மருமகளைப் படுக்கையில் தள்ளிவிட்டது என்று அவரே நம்பிவிட்டார். "நம்ம தண்ணியா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். "எடுத்துடச் சொல்றேன்" என்றார்.

ஆறு நல்லது, நல்லி கெட்டது. அதற்குச் சாட்சி, ஒரு வருஷமாக நான் குடத்தில் கொண்டுவந்து வைத்த பொய். இனி ஆற்றுத் தண்ணீர்தான் மன்னியின் வாய்க்குள் போகும். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தெரு நல்லி, மணல், திவசம், மூன்று நாள், மன்னி அள்ளிக் குடித்தது, எல்லாம். சொல்லி முடித்தபோது டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டிருந்தார். "நல்லித் தண்ணியே குடுங்க. காய்ச்சிக் குடுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தானே பள்ளத்துக்கு இறங்கிப் போனாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் அந்த ஆற்றைப் பார்த்தாள். வெறும் குடத்தோடு திரும்பி வந்து அப்பாவிடம், "வாஸ்தவம்" என்றாள். புளி போட்டுக் குடத்தைத் தேய்த்தாள். கொல்லை நல்லியின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதற்குக் கீழே குடத்தை வைத்தாள். தோலுக்கும் தனக்கும் நடுவில் அந்த ஒரு சாண் துணி அவளுக்குப் போதும்போல இருந்தது. மறுநாள் சாஸ்திரிகளை வரவழைத்துப் பஞ்சகவ்யம் சாப்பிட்டாள்.

மோரியை நிறுத்தச் சொல்லி அப்பாவை நச்சரித்ததும் அம்மாதான். அப்பா எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. மற்ற வீட்டுப் பெண்களும் ஒவ்வொருவராக ஊற்றுக்குப் போவதை நிறுத்தினார்கள். குடிக்கிறவர்கள் இல்லாமல் போனதும் ஆற்றுக்குக் கேட்பார் இல்லை. ஒரு மோரி ஐந்தாயிற்று. தாழம்புதரை வெட்டினார்கள். மணல் தீர்ந்து பாறை தெரிந்தது. கீழே பஞ்சாலைச் சாயத்தில் தண்ணீர் ஒரு நாள் நீலமாகவும் ஒரு நாள் சிவப்பாகவும் ஓடுவதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். மீன்கொத்தி எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் புக்ககம் போய்விட்டேன்.

மன்னி பிழைத்தாள். இருபத்தோரு நாள் நாற்பதாயிற்று. தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டிப்போயிற்று. இடது காது கேட்காமல் போயிற்று. அவளுக்கு முதல் தடவையாக ரசஞ்சாதம் கரைத்துக் கொடுத்த அன்று, அம்மா என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். அத்தனை நாளும் என்னோடு பேசாதவள்.

"எனக்கு நல்லித் தண்ணி குடுத்தியே, அதுக்கு நான் பிராயச்சித்தம் பண்ணிண்டாச்சு. அது என்னோட போச்சு. அவ மூணு நாள் அந்தத் தண்ணிக்குப் போனப்போ நீ பார்த்துண்டு உக்காந்திருந்தியே, அதுக்கு எந்த சாஸ்திரிகள்கிட்டேயும் பிராயச்சித்தம் கிடையாது. அவ எழுந்து நடமாடட்டும். நீயே அவகிட்டே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன், இவரையும் சொல்ல விட மாட்டேன்."

சரி என்றேன். அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அப்பாவும். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

மன்னி இப்போதும் மல்லேஸ்வரத்தில்தான் இருக்கிறாள். நான் போகும்போதெல்லாம் பேரன் பேத்திகளைக் கூட்டிவைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்வாள். "ஆத்தைக் கண்டதும் மாடு மாதிரி வாயை வெச்சுக் குடிச்சேன். யாரும் என்னைக் குடின்னு சொல்லலை. என் பேராசை, காது போச்சு" என்று சொல்லிச் சிரிப்பாள். குழந்தைகளும் சிரிக்கும். நான் எப்போதும் அவளுக்கு வலது பக்கத்தில்தான் உட்காருவேன். அது நன்றாகக் கேட்கும் காது. மெதுவாகச் சொன்னாலே கேட்கும்.